பொன்னாடை போர்த்தி அனுப்பினால் போதுமா?

எங்கள் சபையிலிருந்து ஒரு குடும்பம் உகாண்டாவுக்கு ஊழியத்துக்குப் போகிறது. தம்பி லேப் டெக்னீஷியன், அவர் மனைவி நர்ஸ், பிள்ளைகள் இரண்டு பேர். அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை. காரைக்குடியில் நல்ல சம்பளத்தில் இருந்தவர்கள், அதை விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். எனக்கு இதில் சொல்ல முடியாத சந்தோஷம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனி எழுதுவதைப் படித்துவிட்டு இவள் ஊழியத்துக்கு எதிராகப் பேசுகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் கேள்வியெல்லாம் அனுப்புகிற நம்மிடம்தான்.

வழியனுப்பு ஆராதனைக்குத் தேதி குறித்தாயிற்று. பேனர், பொன்னாடை, நினைவுப் பரிசு, பிரியாணி எல்லாவற்றுக்கும் ஆள் சொல்லியாயிற்று. தம்பியின் அம்மா இனி தனியாக இருக்கப் போகிறாரே, அவரை யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை. பெரியம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. மருமகள் என்னிடம் சொன்னாள்: "எவ்வளவு தூரம்னாலும் போயிருவேன் அக்கா. அத்தைய நெனச்சாத்தான் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது." அந்தப் பெண்ணிடம் போய் சபைப் பெரியவர் ஒருவர், "விசுவாசம் இருந்தா கவலை எதுக்கும்மா?" என்றாராம். எனக்கு மனசு ஆறவில்லை. பவுல் கப்பல் ஏறப்போகிறபோது எபேசு சபை மூப்பர்கள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோமே, அவர்களுக்கு விசுவாசம் இல்லையா?

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் விட்டதுதான் எனக்கு இன்னும் வருத்தம். கடல் கடந்து ஆள் அனுப்புவதை இந்த ஊருக்கு வேறு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று நகரத்தார் கொண்டுவிற்க, அதாவது வட்டித்தொழில் செய்யப் போன காலத்தில், கடைக்கு ஏஜெண்டாகப் போகிறவருக்குப் பொதுவாக 3 வருடக் கணக்கு. கப்பல் ஏறும் முன்பே சம்பளச் சீட்டு எழுதிவிடுவார்கள். சம்பளத்தில் ஒரு பங்கு முன்பணமாக வந்துவிடும். குடும்பம் பெரும்பாலும் ஊரிலேயே இருக்கும், அதற்கு அந்தப் பணம் ஆகும். கணக்கு முடித்துத் திரும்பி வந்து, வீட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அப்புறம்தான் அடுத்த பயணம். அது வட்டிக்கடை, இது ஊழியம், இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசலாமா என்பீர்கள். நோக்கம் வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊரில் விட்டுவிட்டுப் போகிற அம்மாவுக்கு வயதாவது இரண்டிலும் ஒன்றுதானே?

நம் பக்கம் வந்தவர்களையும் நினைத்துப் பாருங்கள். லிஸ்பனில் பிறந்த அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ பாதிரியார் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார். பிரான்சிலிருந்து வந்த லெவே அடிகள் சருகணியிலேயே வாழ்ந்து 1973இல் கண்ணை மூடினார். அவர்கள் கத்தோலிக்கர், நாம் வேறு சபை. அதனால் என்ன? திருப்பத்தூர் சுவீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் நம் சபையில் எத்தனை? இப்படி வந்தவர்களுக்குப் பின்னால், அவர்கள் ஊரில் காசு சேர்த்தவர்களும் கடிதம் எழுதினவர்களும் இருந்தார்கள். நம்மவர்களும் செய்திருக்கிறார்கள். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, நம் ஆட்களை நம் பணத்திலேயே அனுப்புவது என்றுதான் தொடங்கினார்கள். உலை வைக்கும்போது கைப்பிடி அரிசி எடுத்து வைத்து ஊழியத்துக்குக் கொடுத்த பெண்கள் நம் பாட்டிமார்கள்தான்.

பயண வேலையைத் தம்பியே பார்த்துவிட்டார். பாஸ்போர்ட், விசா, சான்றிதழ்கள் எல்லாம் தயார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் உகாண்டாவுக்குள் விட மாட்டார்கள், பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டாக வேண்டும். அதுவும் ஆயிற்று. அவரால் முடியாதது இங்கே இருக்கிற வேலை.

பணம் அனுப்புவது சிக்கல் என்று நம் பொருளாளர் சொல்கிறார். உண்மைதான். அறக்கட்டளைப் பணத்தை வெளிநாட்டில் செலவழித்தால், வரிவிலக்குக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். சரி, அனுப்பவே வேண்டாம். பெரியம்மாவின் மருந்துச் செலவு இந்த ஊரில்தானே? அவருக்கு ஒரு மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்கலாம். மூத்த பெண் ஒன்பதாவது படிக்கிறாள். நாளைக்குக் கல்லூரிக்கு இங்கே வந்தால் அவள் யார் வீட்டில் தங்குவாள்? குடும்பம் விடுமுறைக்கு வரும்போது எங்கே இறங்குவார்கள்? இருக்கிற வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பெரியம்மாவை ஒற்றை அறை வீட்டுக்கு மாற்றுகிறார்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"ஜெபிக்கிறோம்" என்று எல்லோரும் சொல்கிறோம், ஜெபிக்கவும் செய்கிறோம். பிலிப்பி சபையும் ஜெபித்தது. கூடவே பவுலுக்கு ஒன்றிரண்டு தரம் பணம் அனுப்பியது, உதவிக்கு எப்பாப்பிரோதீத்துவையும் அனுப்பி வைத்தது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதையெல்லாம் எழுத்தில் கேட்கப் போகிறேன். யார், எதை, எத்தனை வருடத்துக்குப் பொறுப்பெடுக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி, போதகரும் கமிட்டியும் கையெழுத்துப் போட வேண்டும். வழியனுப்பு ஆராதனையில் அதையே பெரியம்மா கையில் கொடுக்கலாம். மாதாமாதம் அவரை மதுரைக்குச் செக்கப்புக்குக் கூட்டிப்போக என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு முடியாத மாதத்துக்கு இன்னொரு ஆள் வேண்டும். யார் வருகிறீர்கள்?