எச்டிஎம்எல் வேறு, எக்ஸ்எம்எல் வேறு: எத்தனை தடவைதான் சொல்வது?

"பிஎச்பியில் எச்டிஎம்எல், எக்ஸ்எம்எல் பார்ஸ் பண்ண எது பெஸ்ட்?" அதாவது, இணையப் பக்கங்கள் எழுதப்படும் எச்டிஎம்எல்லையும், தரவு பரிமாறப் பயன்படும் எக்ஸ்எம்எல்லையும் பிஎச்பி என்ற நிரல் மொழியில் பிரித்துப் படிக்க எது நல்லது? இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்குக் கோபம் வராது. கேட்பவர் பாவம், வேலைக்குப் புதிது. என் கோபமெல்லாம் பதில் சொல்லும் அனுபவசாலிகள் மீதுதான். ஒருவர் "ரெகெக்ஸ் போதும் தம்பி, இதுக்கெல்லாமா லைப்ரரி?" என்பார். ரெகெக்ஸ் என்பது எழுத்து வரிசையின் வடிவத்தைச் சொல்லித் தேடும் சூத்திரம். இன்னொருவர் எந்தக் காலத்திலோ தான் பயன்படுத்திய லைப்ரரியின் பெயரைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். மூன்றாமவர் "எக்ஸ்எம்எல்லா? ஜேசனா மாத்திடு, முடிஞ்சது" என்பார். ஜேசன் என்பது இன்னொரு தரவு வடிவம். படிக்கப்போவது எச்டிஎம்எல்லா எக்ஸ்எம்எல்லா, எழுதியது யார், எவ்வளவு பெரிது, நம் வீட்டுச் சரக்கா வெளியிலிருந்து வருவதா என்று ஒருவராவது திருப்பிக் கேட்கிறாரா? கிடையாது.

ரெகெக்ஸ் ஆட்களை முதலில் முடித்துவிடுகிறேன். கடைப் பக்கம் ஒன்றிலிருந்து விலையை எடுக்க வேண்டும். ஸ்பான் டேக், பிரைஸ் என்று கிளாஸ், நடுவில் இருப்பதைப் பிடி என்று ஒரு வரி எழுதிவிட்டு "பார், ஓடுது" என்று காட்டுவார்கள். ஓடும். கிளாஸுக்கு முன்னால் அந்தக் கடைக்காரர் ஒரு ஐடி சேர்க்கும் வரை ஓடும். இரட்டை மேற்கோள் ஒற்றை மேற்கோள் ஆகும் வரை, டேக் இரண்டு வரியாக உடையும் வரை ஓடும். பிரவுசருக்கு இந்த மாற்றமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பழைய விலையை கமென்ட்டுக்குள் போட்டு வைத்திருந்தால்தான் உச்சம்: ரெகெக்ஸ் சமர்த்தாக அதை எடுத்து டேட்டாபேஸில் போட்டுவிடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. பக்கம் பெரிதாகி பேக்டிராக் லிமிட்டை, அதாவது பின்வாங்கி மறுபடி முயல்வதற்கான எல்லையைத் தாண்டினால், ரெகெக்ஸை ஓட்டும் பிரெக்மேட்ச் ஃபங்ஷன் பிழை என்று சொல்ல 'ஃபால்ஸ்' திருப்பித் தரும். நம் ஆள் எழுதிய இஃப் அதைப் "பொருத்தம் இல்லை" என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் சொந்த லாக் கோப்பில் ஒரு எண்ணைத் தேட ரெகெக்ஸ் போடுங்கள், யார் வேண்டாம் என்றது?

சரி, அடிப்படைக்கு வருவோம். இரண்டிலும் கோண அடைப்புக்குறி இருப்பதால் எச்டிஎம்எல்லும் எக்ஸ்எம்எல்லும் அண்ணன் தம்பி என்று ஒரு நினைப்பு. 1998 பிப்ரவரியில், வெப் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்எம்எல் 1.0 விதி ரொம்பக் கறாரானது. ஒரு டேக் மூடவில்லையா, தனி ஆம்பர்சண்ட் (&) ஒன்று கிடக்கிறதா, பார்சர், அதாவது படிக்கும் நிரல், அங்கேயே நிறுத்த வேண்டும். வங்கியில் செக் கொடுப்பது போலத்தான். கையெழுத்து கொஞ்சம் மாறினாலும் திருப்பி விடுவார்கள். எச்டிஎம்எல் இதற்கு நேர் எதிர். எப்பேர்ப்பட்ட குப்பையைக் கொட்டினாலும் அதிலிருந்து, டேக்குக்குள் டேக் என்று கிளைவிடும் ஒரு மரத்தைக் கட்டியே தீர வேண்டும். எந்தப் பிழைக்கு எப்படி வளைந்து கொடுப்பது என்பதையும் எச்டிஎம்எல்5 விதியே வரி வரியாகச் சொல்கிறது. அதனால்தான் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஒரே குப்பையிலிருந்து ஒரே மரத்தைக் கட்டுகின்றன.

பிஎச்பி என்ன செய்தது? 2004ல் பிஎச்பி 5 வந்தபோது டாம்டாக்குமென்ட் என்று ஒரு கிளாஸைக் கொடுத்தார்கள். அதிலேயே லோட்எக்ஸ்எம்எல், அதிலேயே லோட்எச்டிஎம்எல், இரண்டுக்கும் அடியில் லிப்எக்ஸ்எம்எல்2 என்ற ஒரே லைப்ரரி. எக்ஸ்எம்எல் பக்கம் பிரமாதம், குறை சொல்ல மாட்டேன். எச்டிஎம்எல் பக்கமோ எச்டிஎம்எல் 4 காலத்துப் பார்சர். பக்கத்தில் நேவ், செக்‌ஷன், ஆர்ட்டிகிள் டேக் வந்தால் போதும், "இப்படி ஒரு டேக்கே கிடையாது" என்று எச்சரிக்கை மழை. உலகமே அந்த டேக்குகளில் எழுத ஆரம்பித்து எத்தனையோ வருடம் ஆன பிறகும் இதே பாட்டு. இதற்கு நம் ஆட்களின் வைத்தியம், வரிக்கு முன்னால் ஒரு அட் குறியைப் போட்டு வாயை அடைப்பது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் லிப்எக்ஸ்எம்எல்லின் உள் பிழைச் சேமிப்பை ஆன் செய்வார்கள். அதில் சேர்ந்த பிழைகளை யாரும் படிப்பதில்லை, காலி செய்வதும் இல்லை. ராத்திரி முழுக்க ஓடும் ஸ்கிரிப்ட்டில் அது பாட்டுக்குக் குவிந்துகொண்டே போகும்.

இந்த எரிச்சலெல்லாம் ஆங்கிலப் பக்கங்களுக்கு. தமிழ்ப் பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் தெரியும். எச்டிஎம்எல் துண்டு ஒன்றை லோட்எச்டிஎம்எல்லிடம் கொடுக்கிறீர்கள். எழுத்துக் குறியீடு எது என்று சொல்லும் மெட்டா சார்செட் அதில் இல்லை. துண்டுதானே, எப்படி இருக்கும்? உடனே அது ஐஎஸ்ஓ-8859-1, அதாவது ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து என்ற பழைய ஐரோப்பியக் குறியீடு, என்று தானாக முடிவு கட்டிவிடுகிறது. யூடிஎஃப்-8ல் ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட். அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்தாகப் படித்தால் என்ன வரும்? தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், அப்புறம் இன்னும் ஏதோ ஒரு கிறுக்கல். 'தமிழ்' என்ற சொல்லில் வட்டத்துக்குள் ஆர் வரிசை கட்டி நிற்கும். தமிழ்த் தளம் நடத்திய அத்தனை பேரும் இந்தக் கோலத்தைப் பார்த்திருப்பார்கள்.

தீர்வு கேட்டால் கிடைப்பது சித்து வேலைகள். ஒன்று, எல்லாத் தமிழ் எழுத்தையும் முதலில் எச்டிஎம்எல் என்டிட்டியாக, அதாவது எழுத்துக்குப் பதில் நிற்கும் குறியாக, மாற்றிக் கொடுப்பது. எம்பி கன்வர்ட் என்கோடிங் என்ற ஃபங்ஷனில் அதற்கு வழி இருந்தது, பாதி உலகம் அதை நம்பிக் கோடு எழுதியது, பிஎச்பி 8.2ல் அதை டெப்ரிகேட் செய்துவிட்டார்கள், அதாவது இனி பயன்படுத்தாதே என்று சொல்லிவிட்டார்கள். இன்னொன்று, எச்டிஎம்எல்லின் தலையில் யூடிஎஃப்-8 என்று சொல்லும் பொய் எக்ஸ்எம்எல் அறிவிப்பு ஒன்றை ஒட்டுவது. வேலை செய்கிறது, நானும் செய்கிறேன், வேறு என்ன செய்ய? ஆனால் திருப்பி எழுதும்போது அந்தப் பொய் அறிவிப்பும் கூடவே வெளியே வரும், அதைத் தேடிக் கிள்ளி எறிய வேண்டும். அதோடு விடுமா? சேமிக்கும் நேரத்தில் 'த' என்பது 2980 என்ற எண் என்டிட்டியாக மாறி வந்து நிற்கும். பிரவுசரில் பார்த்தால் சரியாகத் தெரியும். டேட்டாபேஸில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

அடுத்தது டிபாடி, அட்டவணையின் உடல் பகுதியைச் சுற்றி நிற்கும் டேக். குரோமில் அட்டவணையின் ஒரு கட்டத்தை வலது சொடுக்கி, எக்ஸ்பாத்தை, அதாவது மரத்தில் அந்த இடத்தைக் காட்டும் முகவரியை, காப்பி செய்து கோடில் ஒட்டுகிறார்கள். விடை பூஜ்யம். "பிரவுசரில் இருக்கே, இங்க ஏன் வரலை?" என்று அரை நாள் போகும். மூல எச்டிஎம்எல்லில் டிபாடியே கிடையாது; விதிப்படி பிரவுசர் தானாகச் சேர்த்தது அது. லிப்எக்ஸ்எம்எல் சேர்க்காது. நீங்கள் காப்பி செய்தது பிரவுசர் கட்டிய மரத்தின் முகவரி, தேடுவதோ வேறு ஒரு மரத்தில். எச்டிஎம்எல்5 விதிப்படி நடக்கும் பார்சர் வேண்டும் என்று நாங்கள் சிலர் தொண்டை கிழியக் கத்தியது இதற்குத்தான்.

அந்த இடைவெளியில்தான் சிம்பிள் எச்டிஎம்எல் டாம் மாதிரி லைப்ரரிகள் பிழைத்தன. ஜேகொரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி மாதிரி எழுதலாம், சொகுசு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்ட்ரிங்கை எழுத்தெழுத்தாகத் தானே நறுக்கிப் படிப்பதால் பெரிய பக்கத்தில் ஆமை வேகம். லூப்புக்குள் போட்டால் கிளியர் என்று ஒன்றை மறக்காமல் அழைக்க வேண்டும், இல்லாவிட்டால் நினைவகம் ஊதும். இன்றைக்கும் புதியவர்களுக்கு முதலில் கைகாட்டப்படுவது இதுதான். சிம்ஃபொனியின் டாம்கிராலர் இருக்கிறது, மாஸ்டர்மைண்ட்ஸின் எச்டிஎம்எல்5 லைப்ரரி இருக்கிறது. இந்தப் பெயர்களைச் சொல்ல வாய் வலிக்கிறதா?

2024 நவம்பரில் பிஎச்பி 8.4 வந்தது. லெக்ஸ்பார் என்ற லைப்ரரியை அடியில் வைத்து டாம் எச்டிஎம்எல்டாக்குமென்ட் என்று ஒரு கிளாஸ், உண்மையான எச்டிஎம்எல்5 பார்சிங், கூடவே சிஎஸ்எஸ் பாணியில் தேடும் கொரிசெலக்டர். இருபது வருடம் கழித்து! பிரைஸ் என்ற ஒரு கிளாஸைத் தேட எக்ஸ்பாத்தில் கன்டெய்ன்ஸுக்குள் கான்கேட், அதற்குள் நார்மலைஸ் ஸ்பேஸ், இருபுறமும் இடைவெளி என்று சுற்றிச் சுற்றி எழுதிய வரிகளைக் கொளுத்திப் போடலாம் என்று சந்தோஷப்பட்டேன். ஆனாலும் ஒரு கொக்கி வைத்தார்கள். புதிய மரத்தில் எல்லா எலிமென்ட்டும் எக்ஸ்எச்டிஎம்எல் நேம்ஸ்பேஸில் (ஒரே பெயர்கள் மோதாமல் பிரிக்கும் குடும்பப் பெயர் மாதிரி) உட்காரும், அதனால் பழைய எக்ஸ்பாத் அப்படியே ஓடினால் மறுபடி பூஜ்யம். அந்த நேம்ஸ்பேஸ் வேண்டாம் என்று சொல்ல ஒரு ஃபிளாக் உண்டு, அதைத் தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் பாடு. அதை விடுங்கள், வாடிக்கையாளரின் ஹோஸ்டிங்கில் இன்னும் 7.4 ஓடுகிறது. பாதுகாப்பு ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்த பதிப்பு. மாற்றச் சொன்னால் "ஓடிக்கிட்டிருக்கறதை ஏன் தொடணும்?" என்கிறார்கள்.

எக்ஸ்எம்எல் பக்கம் வந்தால் அங்கே எக்ஸ்எம்எல்லைப் படிக்க பிஎச்பி தரும் இன்னொரு கருவி, சிம்பிள்எக்ஸ்எம்எல். பெயரைப் பார்த்து ஏமாறாதவர் யார்? எக்ஸ்எம்எல்லை இதில் ஏற்று, ஜேசனாக்கி, திரும்ப அரேயாக்கு என்ற அந்தப் புகழ்பெற்ற ஒற்றை வரித் தந்திரத்தைக் கண்டுபிடித்தவரைப் பார்த்து நான்கு வார்த்தை கேட்க வேண்டும். ஆர்டரில் இரண்டு பொருள் இருந்தால் பட்டியல் வரும். ஒரே பொருள் இருந்தால் பட்டியல் வராது, அந்தப் பொருள் மட்டும் நேராக வரும். டெஸ்டிங்கில் எல்லோரும் இரண்டு மூன்று பொருள் வைத்துத்தானே பார்ப்பார்கள்? லைவில் ஒற்றைச் சோப்புக்கட்டி வாங்கும் வாடிக்கையாளர் வந்ததும் ஃபார்ஈச் அந்தப் பொருளின் பெயர், விலை, எடை மூன்றையும் மூன்று பொருளாக எண்ண ஆரம்பிக்கும். சிடேட்டாவுக்குள் (டேக்காகப் பார்க்காமல் வெறும் எழுத்தாக எடுத்துக்கொள் என்று குறித்த பகுதி) இருந்த விவரம், தனி ஃபிளாக் கொடுக்காவிட்டால், காலியாக வரும். தளத்தின் புதிய பதிவுகளைத் தரும் ஆர்எஸ்எஸ் ஃபீடாக இருந்தால் கட்டுரை முழுவதும் கன்டென்ட் என்கோடடில் இருக்கும், எழுதியவர் பெயர் டிசி கிரியேட்டரில் இருக்கும். இரண்டும் நேம்ஸ்பேஸ் முன்னொட்டு உள்ளவை, அதனால் ஜேசனில் இரண்டுமே இருக்காது. முக்கியமானதெல்லாம் காணாமல் போன பிறகு எஞ்சிய தலைப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நேம்ஸ்பேஸ் என்றதும் சைட்மேப், அதாவது தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் எக்ஸ்எம்எல் கோப்பு, ஞாபகம் வருகிறது. உள்ளே யூஆர்எல் எலிமென்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும், எக்ஸ்பாத்தில் தேடினால் ஒன்றும் இல்லை. முன்னொட்டு இல்லாத பெயர் என்றால் நேம்ஸ்பேஸே இல்லாத எலிமென்ட் என்பது 1999ல் வந்த எக்ஸ்பாத் 1.0இன் விதி, லிப்எக்ஸ்எம்எல் இன்றும் அங்கேதான் நிற்கிறது. முன்னொட்டு ஒன்றை நாமே பதிவு செய்துகொண்டு தேட வேண்டும். ஒரு வரி வேலை. அதைச் சொல்லாமல் "நேம்ஸ்பேஸை ஸ்டிரிங் ரிப்ளேஸ் பண்ணித் தூக்கிடு" என்று அறிவுரை சொல்பவர்களை என்ன செய்யலாம்?

பெரிய கோப்பு என்றால் எல்லோரும் சொல்வது மெமரி லிமிட்டை ஏற்று. எக்ஸ்எம்எல்ரீடர் பிஎச்பி 5.1 முதல் கூடவே வருகிறது. முழு மரத்தையும் கட்டாமல், ஒவ்வொரு எலிமென்ட்டாக நடந்து, வேண்டிய துண்டை மட்டும் விரித்துப் பார்க்கலாம். யாரும் தொடுவதில்லை.

இதைவிட ஆபத்தான அறிவுரை ஒன்று உண்டு. என்டிட்டி சரியாக வரவில்லை என்று கேட்டால் "லிப்எக்ஸ்எம்எல் நோஎன்ட் ஃபிளாக் போடு" என்பார்கள். பெயரைப் படித்தால் என்டிட்டி வேண்டாம் என்று சொல்வது போலிருக்கும். நிஜத்தில் அது என்டிட்டிகளை விரித்து உள்ளடக்கத்தைப் போடச் சொல்லும் ஃபிளாக். லிப்எக்ஸ்எம்எல் 2.9 முதல், வேறு கோப்பிலிருந்து உள்ளடக்கத்தை இழுக்கும் வெளி என்டிட்டிகளை ஏற்றாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள், இந்த ஃபிளாக் அந்தப் பூட்டைத் திறந்து விடுகிறது. வெளியாள் அனுப்பும் எக்ஸ்எம்எல்லை இப்படித் திறந்தால், உங்கள் சர்வரில் உள்ள கோப்பைப் படித்துக் காட்டு என்று அதற்குள்ளேயே எழுதி அனுப்ப முடியும். பாதுகாப்புக்காகப் போடுகிறோம் என்று நினைத்து இதைப் போடுபவர்களும் இருக்கிறார்கள். பெயர் வைத்த மகராசன் நன்றாக இருக்கட்டும்.

கடைசியாக, எக்ஸ்எம்எல் அனுப்பும் பெருமக்கள். விலைப் பட்டியல் அனுப்பும் ஒரு சப்ளையர் தரப்போடு எனக்கு ஓயாத சண்டை. அவர்கள் எக்ஸ்எம்எல்லை உருவாக்குவது ஸ்ட்ரிங்கோடு ஸ்ட்ரிங் ஒட்டித்தான். கம்பெனிப் பெயரில் ஆம்பர்சண்ட் அப்படியே தனியாக நிற்கும். விவரத்தில் என்பிஎஸ்பி என்ற இடைவெளி என்டிட்டி இருக்கும். எக்ஸ்எம்எல்லுக்குத் தானாகத் தெரிந்த என்டிட்டி ஐந்தே ஐந்து, அதில் இது இல்லை. சில நாள் கோப்பின் முதல் வரியே காலி வரியாக இருக்கும், அறிவிப்பு இரண்டாவது வரியில் இருக்கும். அவர்கள் பிஎச்பி கோப்பு ஏதோ ஒன்றின் கடைசியில், மூடும் குறிக்கு அப்புறம் யாரோ இரண்டு தடவை எண்டர் தட்டியிருப்பார்கள். எக்ஸ்எம்எல்ரைட்டர் என்று ஒன்று இருக்கிறது, எஸ்கேப் வேலையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று சொன்னால், வரும் பதில்: "எங்க பக்கம் ஃபைல் நல்லாத்தான் சார் இருக்கு, நோட்பேடில் திறக்குதே!"

எங்கள் பக்கத்து மேலாளருக்கோ ரெக்கவர் என்ற ஆப்ஷனைப் பற்றி யாரோ சொல்லிவிட்டார்கள். அதைப் போட்டால் உடைந்த எக்ஸ்எம்எல்லும் ஏறுமாம், எதற்கு வம்பு என்கிறார். ஏறும். எது தொலைந்தது என்று சொல்லாமல் ஏறும். விலைப் பட்டியலில் பாதிப் பொருள் காணாமல் போய், மீதி மட்டும் தளத்தில் புதுப்பிக்கப்பட்டால் வாடிக்கையாளரிடம் அவரா பதில் சொல்வார்? யாரோ எழுதிய எச்டிஎம்எல் பக்கத்தை வளைந்து கொடுத்துத்தான் படிக்க வேண்டும், அவர் நமக்காக எழுதவில்லை. இது அப்படியில்லை, நமக்கென்றே அனுப்பும் தரவு. லோட் ஆகாவிட்டால் நிறுத்த வேண்டும், லிப்எக்ஸ்எம்எல் சொல்லும் வரி எண்ணையும் பிழையையும் அப்படியே மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பியவருக்கே திருப்பிவிட வேண்டும். நோட்பேடில் அந்த வரிக்குப் போய் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.