நீச்சல் குளத்துக்கு மேற்கே ஒரு நிழல் கடை

பொது நீச்சல் குளம் என்று பேச்சு எடுத்தாலே ஆழம், குளோரின், கட்டணம் என்றுதான் பேசுகிறோம். கரையில் காத்துக் கிடக்கும் அம்மாக்களையும் தாத்தாக்களையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர்களுக்கும், தண்ணீரை விட்டுப் பசியோடு ஏறி வரும் பிள்ளைகளுக்கும் கோடையில் நிழலோடு ஒரு பானக் கடை வேண்டும். மிச்சமிருக்கும் மூலையில் தகரக் கொட்டகை போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

கடை குளத்துக்கு மேற்கேதான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. புதுச்சேரியில் கத்திரி வெயிலில் முற்பகல் முழுக்க மேல்காற்று அனலாக அடிக்கும். அப்புறம் கடற்காற்று இறங்கினால்தான் மூச்சு வரும். அது கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. கடையின் முகம் கிழக்கே திறந்திருந்தால் காற்று தண்ணீரைத் தாண்டி நேராக உள்ளே வரும். முதுகுப் பக்கம் முழுச் சுவர். நான்கு மணிக்கு மேல் வெயிலை அது தடுத்துவிடும். அதன் நிழலும் கரைமேல் நீளும், பிள்ளைகள் வெறுங்காலோடு நிற்கிற அதே நேரத்தில். கிழக்குக் கரையில் வைத்தால் எல்லாம் தலைகீழ்: சாயங்கால வெயில் மேசைக்கு அடிவரை வரும், தண்ணீரில் பட்ட வெளிச்சம் கண்ணைக் கூசும்.

திசை பார்த்துக் கட்டுவது நம் ஊருக்குப் புதிதல்ல. 1930களில் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக் கட்டடம் நீளப் பக்கங்களை வடக்கும் தெற்குமாக வைத்து, திருப்பி வைக்கும் பலகைகளால் காற்றை உள்ளே விடுகிறது.

ஏப்ரல் பிற்பாதியில் உச்சி வேளைச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது சுவரால் பயனில்லை, கூரைதான் காப்பாற்றும். சவுக்குக் கழியும் இரண்டடுக்குக் கீற்றும் போதும். சுவரும் தூண்களும் நிரந்தரம், கூரை கோடைக்கு மட்டும். ஐப்பசி மழைக்கு முன் பிரித்து அடுக்கிவிடலாம். 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கீற்று என்பதால் அடுப்பு கூடாது. மோர், நன்னாரி சர்பத், இளநீர், நுங்கு, இவற்றுக்கு அடுப்பு எதற்கு?

சுவருக்குப் பின்னால் பூவரசு வைக்கலாம். பிற்பகல் காற்று உதிர்ந்த இலையைக் குளத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும்.

உட்கார பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், திண்ணை வேண்டும். வைசியாள் வீதிப் பழைய வீடுகளில் இருப்பது போல, தெருவில் போகிறவரும் உட்காரத் தோன்றும் திண்ணை. ஈர உடையோடு உட்காரலாம், கழுவிவிட்டால் காய்ந்துவிடும். அதில் உட்கார்ந்தபடியே குளம் முழுதும் தெரிய வேண்டும், பிள்ளையை ஒரு தூண்கூட மறைக்கக் கூடாது. தரையில் கடப்பாக்கல் போடாதீர்கள். கறுப்புக் கல் வெயிலில் கொதிக்கும், மெருகேற்றியது ஈரத்தில் வழுக்கும். வெளிர் நிறச் சொரசொரப்பான கல் போட்டு, வாட்டம் குளத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். சிந்திய சர்பத் தண்ணீரில் கலக்காது.

கண்ணாடி மட்டும் உள்ளே வரவே கூடாது. தண்ணீருக்குள் விழுந்த கண்ணாடிச் சில்லு கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். எவர்சில்வர் டம்ளரே போதும்.

மது வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அதற்கு ஊரில் எத்தனையோ இடம் இருக்கிறது. பிள்ளைகள் நீந்தப் பழகும் இடத்தில் ஒரு சொட்டுக்கும் அனுமதி தரக் கூடாது. ஒப்பந்தத்திலேயே அதை எழுதி வாங்க வேண்டும்.