கறுப்புக் கட்டத்துக்குள் எழுதியிருப்பது

அந்தக் காணொளியை எனக்கு இன்னும் அனுப்பாதவர்கள் யாராவது மிச்சமிருந்தால், தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பதினேழு பேர் அனுப்பிவிட்டார்கள். கோவில் மண்டபம், பெற்றோர் கூட்டம், கொழும்பிலிருந்து வரவழைக்கப்பட்ட ஊக்கப் பேச்சாளர், அவர் கையில் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரை அட்டை. "அமெரிக்காக்காரனே கறுப்புக் கட்டம் போட்டு, இதைக் கொடுத்தால் பிள்ளைக்குத் தற்கொலை எண்ணம் வரும் என்று எழுதி வைத்திருக்கிறான். நீங்கள் அதை ஊட்டி விடுகிறீர்கள்" என்கிறார். அட்டையைக் குப்பைக்கூடையில் எறிகிறார். கைதட்டல். முன்வரிசையில் எங்கள் ஆசிரியர்கள் சிலரும் தட்டுகிறார்கள். அவர்களில் இருவர் என் நண்பர்கள். இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

நான் பேசாமல்தான் இருந்தேன். பண்டிகைக்குப் பண்டிகை ஒருவர் வந்து எதையாவது எறிந்துவிட்டுப் போவது நமக்குப் புதிதல்ல. ஆனால் திங்கட்கிழமை மாலை எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு தாய் தன் மகனுக்கு மாத்திரை கொடுப்பதை நிறுத்திவிட்டார் என்று தெரிந்தது. பையனுக்குப் பதினாறு வயது. தொடங்கி ஐந்து வாரம்தான் ஆகிறது. பேச்சாளர் அன்றைக்கே வேனில் ஏறிக் கொழும்புக்குப் போய்விட்டார். பையன் இங்கேதான் இருக்கிறான்.

முதலில், அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. கறுப்புக் கட்டம், அதாவது மருந்துத் தாளில் கறுப்புக் கோட்டுக்குள் அச்சிடும் கடுமையான எச்சரிக்கை, பொய்யல்ல. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2004 இல் மனச்சோர்வு மருந்துகள் எல்லாவற்றுக்கும் அந்த எச்சரிக்கையைப் போடச் சொன்னது. 24 ஆய்வுகளில் பங்குபற்றிய 4,400 க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விபரங்களைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். வெறும் மாத்திரை, அதாவது மருந்தே இல்லாத மாத்திரை போட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத் தற்கொலை எண்ணமோ அது சார்ந்த நடத்தையோ தெரிந்தது. மருந்து போட்டவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கு. இரண்டு நான்கானது சின்ன விஷயமல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே ஆய்வுகளில் ஒரு பிள்ளைகூடத் தற்கொலையால் இறக்கவில்லை. அதை மேடையில் சொன்னாரா? அந்த எச்சரிக்கை போட்ட அதே நிறுவனம்தான் 2003 இல் ஃபுளுவொக்செட்டின் என்ற மருந்தை எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் மனச்சோர்வுக்குக் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. எச்சரிக்கை வந்த பிறகும் அந்த அனுமதி போகவில்லை. இதைச் சொன்னாரா? 2007 இல் எச்சரிக்கையை 24 வயது வரை நீட்டியபோது, மனச்சோர்வு நோயே தற்கொலை ஆபத்தைக் கூட்டக்கூடியது என்பதையும் அதே கட்டத்துக்குள் சேர்த்தார்கள். அதைச் சொன்னாரா?

கட்டத்துக்குள் எழுதியிருப்பது "கொடுக்காதே" அல்ல. "கொடுத்தால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்" என்பது. முக்கியமாக முதல் சில வாரங்களிலும், அளவைக் கூட்டிக் குறைக்கும் நாட்களிலும். பிள்ளை தூங்காமல் இருக்கிறதா, ஓர் இடத்தில் இருக்க முடியாமல் நடந்துகொண்டே இருக்கிறதா, இல்லாத கோபம் வருகிறதா என்று பார். கண்டால் உடனே டொக்டரிடம் ஓடு. அவ்வளவுதான். நானுஓயாவில் பனி இறங்கினால் பஸ் ஓட்டுநர் விளக்கைப் போட்டு மெதுவாக ஓட்டுகிறார். பயணிகளைப் பள்ளத்தில் இறக்கிவிட்டுப் போவதில்லை.

இனி என் கதை. என் தங்கையின் மகளிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "கலண்டரைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள் மாமா" என்று நிபந்தனை போட்டாள்.

தங்கை குவைத்தில். பிள்ளை என் அம்மாவிடம் லயத்தில் வளர்ந்தாள். 2021 கடைசியில், தரம் 11 படிக்கும்போது, தலையிடி என்றாள். பிறகு வயிறு. பிறகு குளிப்பதில்லை, தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, சனி ஞாயிறு முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். நான் ஆசிரியன் அல்லவா, எனக்கு எல்லாம் தெரியும். "போனைப் பிடுங்குங்கள், சரியாகிவிடும்" என்றேன். பிடுங்கினோம். சரியாகவில்லை. காத்துக் கறுப்பு என்று பூசாரியிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். கயிறு கட்டினார். மூன்றாவது தடவை போனபோது அவரே, "அம்மாயி, ஆஸ்பத்திரிக்கும் ஒருக்கால் காட்டுங்கள்" என்றார். நாலாம் வகுப்போடு நின்ற மனிதர். மைக் பிடித்துப் பேசத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, புத்தியாகப் பேசினார்.

கிளினிக்குக்கு விடியற்காலை பஸ். டொக்டர் சிங்களத்தில் கேட்டார், ஒரு சிற்றூழியர் தமிழில் சொன்னார். கதவு திறந்தே இருந்தது, வெளியே முப்பது பேர். "செத்துப்போக வேண்டும் போல இருக்கிறதா என்று டொக்டர் கேட்கிறார்!" என்று, பஸ்ஸில் இடம் பிடிப்பவர் போல உரக்கக் கேட்டார். பிள்ளை என்னைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள். திரும்பி வரும்போது, பஸ் வளைவில் திரும்பும் இரைச்சலில், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "இருக்கிறது மாமா" என்றாள்.

மறுநாள் திரும்பவும் போனோம். அந்த டொக்டரைக் குறை சொல்ல மாட்டேன். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, தெரிந்த அரைகுறைத் தமிழில் அவரே பிள்ளையிடம் பேசினார். குடும்பத்தில் யாருக்காவது கட்டுக்கடங்காத உற்சாகமும் தூக்கமில்லாமையும் மாறிமாறி வந்ததுண்டா என்று என்னிடம் கேட்டார். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மருந்து வேறு மாதிரி வேலை செய்யுமாம். குறைந்த அளவில் ஃபுளுவொக்செட்டின் எழுதினார். பலன் தெரிய நான்கு, ஆறு வாரம் ஆகலாம், அதற்குள் கைவிட வேண்டாம் என்றார். மாத்திரை பிள்ளையின் கையில் இருக்கக்கூடாது, பெரியவர் ஒருவர் பூட்டி வைத்து ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும் என்றார்.

அந்தப் பெரியவர் என் அம்மா. நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். எழுத்து தெரியாது. மாத்திரையைப் பிஸ்கட் டின்னில் போட்டு, பூட்டுப் போட்ட பெட்டிக்குள் வைத்தார். காலை ரொட்டியும் பிளேன்டீயும் கொடுத்த பிறகு ஒன்றை எடுத்துக் கொடுப்பார். கொடுத்ததும் சாமிப் படத்தின் கீழே தொங்கும் கலண்டரில் அன்றைய கட்டத்தில் குங்குமத்தால் ஒரு பொட்டு வைப்பார். பொட்டில்லாத கட்டம் என்றால் மாத்திரை போடாத நாள். எந்த மருத்துவக் கல்லூரியிலும் இதைவிட நல்ல பதிவேட்டை நான் பார்க்கப்போவதில்லை.

இரண்டாவது வாரம் ஒரு இரவு அம்மா போன் எடுத்தார். "பிள்ளை இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் தண்ணீர்ப் பீலிக்கும் நடக்கிறாள், டொக்டர் சொன்னது இதுதானே?" அதுதான். விடிந்ததும் போனோம், டொக்டர் அளவை மாற்றினார், நான்கு நாளில் அடங்கியது. பேச்சாளர் ஐயா, உங்கள் கறுப்புக் கட்டம் சொன்ன வேலையை எழுத்தறியாத ஒரு கிழவி செய்து முடித்தார். எச்சரிக்கை இருப்பது அதற்காகத்தான், குப்பைக்கூடைக்காக அல்ல.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் நல்லவனாக இருந்திருப்பேன்.

2022 ஜூன். டீசல் இல்லை, பஸ் இல்லை, கிளினிக்கில் மருந்துத் தட்டுப்பாடு, வெளியில் வாங்கச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். பிள்ளை சிரிக்கிறாள், பரீட்சை எழுதிவிட்டாள். "இனி எதற்கு மாத்திரை? நாளைக்குக் கல்யாணம் பேசும்போது யாராவது கேட்டால்?" என்றேன். ஆம், நான்தான் சொன்னேன். நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நிறுத்துவதென்றால் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவனும் நான்தான். இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. "பார்த்தீர்களா, நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லை" என்று அம்மாவிடம் பெருமையடித்தேன். அந்த மருந்து உடம்பிலிருந்து முழுவதும் வெளியேறவே பல வாரம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. வேறு சில மருந்துகளைத் திடீரென்று விட்டால் இரண்டு மூன்று நாளிலேயே தலை சுற்றும், தலைக்குள் மின்சாரம் அடித்தது போல வெட்டும். இதில் அதுவும் இல்லாததால் என் அறியாமைக்குச் சாட்சியே கிடைத்தது போலாயிற்று. செப்டம்பரில் அவள் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அதன் பிறகு வந்த ஓர் இரவைப் பற்றி எழுத மாட்டேன். எழுத வேண்டாம் என்றாள். இருக்கிறாள், படிக்கிறாள், இப்போது இதைப் படித்துவிட்டு என் எழுத்துப்பிழைகளைத் திருத்துவாள். அது போதும்.

அந்த இரவுக்கு மறுநாள் கலண்டரைப் பார்த்தேன். குங்குமப் பொட்டுகள் ஜூன் 16, வியாழக்கிழமையோடு நின்றுபோயிருந்தன. அம்மா அதைக் கிழிக்காமல் வைத்திருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது சிலர் வருவார்கள். "மருந்துக் கம்பனியிடம் எவ்வளவு வாங்கினாய்?" அரசாங்க வைத்தியசாலையில் இந்த மாத்திரை இலவசம் ஐயா. எனக்குச் செலவானது பஸ் காசும் அம்மாவின் அரைப்பேரும், அதாவது அரைநாள் கூலியும்தான். "நம் பாட்டன்மார் எந்த மாத்திரை போட்டார்கள்?" அவர்கள் சாராயம் போட்டார்கள். எத்தனை பேர் எப்படிப் போனார்கள் என்று உங்கள் வீட்டுக் கிழவிகளிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். "பழகிவிட்டால் விட முடியாது." தூக்க மாத்திரை வகைகள் சில அப்படித்தான், இது அந்த வகை அல்ல. மெல்லக் குறைப்பது வேறு, அடிமையாவது வேறு.

"பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலே போதும்" என்பவர்களை மட்டும் நான் மதிக்கிறேன். லேசான மனச்சோர்வுக்கு முதலில் பேச்சுத்தான், மாத்திரை அல்ல. கடுமையானால்? 2004 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 12 முதல் 17 வயது வரையான 439 பிள்ளைகளைப் பன்னிரண்டு வாரம் பார்த்தது. வெறும் மாத்திரையில் நூற்றுக்கு 35 பேர் தேறினார்கள். பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 43, ஃபுளுவொக்செட்டின் மட்டும் பெற்றவர்களில் 61, இரண்டும் சேர்ந்து பெற்றவர்களில் 71. ஆகவே பேசுங்கள், கட்டாயம் பேசுங்கள். ஆனால் எங்கே பேசுவது? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில், ஒரே அறையில், ஆறு பேர். ஒரு பெண்பிள்ளை அழ வேண்டுமென்றால் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போக வேண்டும். பக்கத்துக் காம்பிராவில் இருமினால் இங்கே கேட்கும். 2023 இல், எங்கள் மக்கள் மலையகம் வந்து இருநூறு ஆண்டு என்று, "மலையகம் 200" பெயரில் எத்தனை மேடை போட்டோம், நானும் ஏறிப் பேசினேன். அந்த மேடைகளில் ஒன்றில்கூட, எங்கள் பிள்ளையின் மனதைத் தமிழில் கேட்க கிளினிக்கில் ஒரு ஆள் வேண்டும் என்று நான் பேசவில்லை. ஆற்றல், எழுச்சி, விடியல் என்றுதான் பேசினேன். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அந்தப் பேச்சாளருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்குக் குப்பைக்கூடை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

"வாத்தியார் தன் மருமகளைப் பைத்தியக்காரி ஆக்கிவிட்டார்" என்று போன தடவை ஒருவர் பின்னூட்டம் போட்டார். நீக்கவில்லை. அவருடைய பிள்ளைகள் என் வகுப்பில்தான் படிக்கிறார்கள். நாளைக்கு அவர்களில் ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்தால் முதலில் பார்க்கப்போவது நானாகத்தான் இருக்கும்.

பிள்ளை சாக வேண்டும் என்று சொன்னால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப் பயப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், பொலிஸ் வழக்கு வருமென்று. அந்தச் சட்டம் 1998 லேயே நீக்கப்பட்டுவிட்டது. இரவில் யாருமில்லையென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 எந்நேரமும் இருக்கிறது, காசில்லாமல் 1333 இருக்கிறது, சிறுவர்களுக்கு 1929. பிள்ளையிடம் "சாக வேண்டும் போல் இருக்கிறதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் எண்ணம் வந்துவிடாது. கதவை மட்டும் சாத்திவிட்டுக் கேளுங்கள்.

அந்தத் தாய் முகநூல் பார்ப்பதில்லை. மகன் பார்ப்பான். தம்பி, வியாழக்கிழமை கிளினிக் நாள். ஆறரை பஸ்ஸுக்கு நான் வருகிறேன், அம்மாவுக்கு ஒருநாள் பேர் போகாது, நான் துணைக்கு இருக்கிறேன் என்று சொல். மிச்ச மாத்திரையை நீயாகத் திரும்பத் தொடங்காதே, எறியவும் வேண்டாம், அட்டையோடும் கிளினிக் கொப்பியோடும் வா. டொக்டர் பார்த்துச் சொல்லட்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் நானும் சரி என்பேன்.

பின்னூட்டத்தில் சண்டை போட வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை வாருங்கள்.