தேக்கம்பட்டி பாப்பம்மாளும் பத்து ஏக்கரும்

நூறு வயதைத் தாண்டியும் விவசாயம் பார்த்த தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டியைப் பற்றி வந்த வீடியோக்களை எப்போதாவது வரிசையாகப் பார்த்திருக்கிறீர்களா? மைக்கை நீட்டுகிறவர்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருவார்கள். "இந்த வயசுலயும் இவ்வளவு தெம்பா இருக்கீங்களே, என்ன பாட்டி சாப்பிடுவீங்க?" வெந்நீர்தான் குடிப்பேன் என்பார். மட்டன் பிரியாணி பிடிக்கும் என்பார். ராகிக் களி, முருங்கைக்கீரை என்று பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போனவர்களுக்கு அந்தப் பிரியாணி கொஞ்சம் இடித்திருக்கும்!

அங்கே போயிருந்தால் நான் கேட்டிருக்கக்கூடிய கேள்வி வேறு. "அந்தக் காலத்துல பத்து ஏக்கர் நிலம் எப்படிங்க வாங்குனீங்க?"

1914-ல் தேவலாபுரத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட, சகோதரிகள் இருவரோடு தேக்கம்பட்டிக்கு வந்து அப்பாவைப் பெற்ற பாட்டியிடம் வளர்ந்தார். மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், பவானி ஆற்றை ஒட்டிய ஊர் அது. (கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் நடத்தினார்களே, அதே தேக்கம்பட்டிதான். வெளியூர்க்காரர்கள் பலருக்கு ஊர்ப்பேர் தெரிந்தது முதலில் யானைகளால்தான்.) பாட்டிக்குப் பிறகு மளிகைக்கடை இவர் கைக்கு வந்தது. கூடவே ஒரு சாப்பாட்டுக் கடையும் போட்டார். அந்த வரும்படியைச் சேர்த்து வைத்து, பத்து ஏக்கர் அளவுக்கு நிலம் வாங்கி வெள்ளாமையில் இறங்கினார்.

எல்லாக் கட்டுரையிலும் இது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. கிராமத்து மளிகைக்கடை என்றால் பாதி வியாபாரம் கடனில் ஓடும். யாருக்கு எவ்வளவு நாள் பொறுக்கலாம், யாரிடம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரியாதவர் கடையை ஒரு வருஷம்கூட நடத்த முடியாது. அப்படி நடத்தி மிச்சம் பிடித்து, அதை நகையாகப் பூட்டி வைக்காமல் நிலத்தில் போட்டிருக்கிறார். இந்தக் கணக்கும் துணிச்சலும் பாராட்டுகளில் வருவதே இல்லை. "உழைப்பு", "எளிமை", "பாசம்" மட்டும் வருகிறது.

வயதான பிறகு நிலத்தில் ஒரு பகுதியை விற்றுவிட்டு இரண்டரை ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டார். எனக்கு வாங்கியதைவிட இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்கிற இடத்தில் இருந்திருக்கிறார். நம் பக்கத்தில் எத்தனை கிழவிகளுக்கு அந்த இடம் வாய்த்தது?

எங்கள் ஆத்தா வாழ்நாள் முழுக்கத் தோட்டத்தில்தான் கிடந்தார். விதை எடுத்து வைப்பது, களைக்கு ஆள் கூப்பிடுவது, கூலி பேசுவது, மாடு கன்னு எல்லாம் அவர் பொறுப்பு. பட்டா மட்டும் தாத்தா பேரில். தாத்தா போனதும் சித்தப்பாக்கள் பேருக்கு மாறியது. அதில் யாருக்கும் தப்பு தெரியவில்லை, ஆத்தாவுக்கும்தான். 2019-ல் வருஷத்துக்கு 6,000 ரூபாய் தருகிற பிஎம் கிசான் திட்டம் வந்தபோது, பணம் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர்கள் கணக்குக்குப் போனது. கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் வாங்கவும், மழையில் பயிர் போனால் நிவாரணம் வாங்கவும் சிட்டா, அடங்கல் என்கிற நிலப் பதிவேடுகளைத்தான் கேட்பார்கள். அதில் இல்லாத பேர் எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஊரே "உங்க ஆத்தா மாதிரி விவசாயி உண்டா" என்று சொன்னது. காகிதத்தில் அவர் விவசாயியே இல்லை.

2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாட்டில் நிலத்தை நடத்துகிறவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம்தான். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் மகளுக்குக் குடும்பச் சொத்தில் சமபங்கு சட்டமாக 1989 ஆகிவிட்டது. பாப்பம்மாள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை, காத்திருந்திருந்தால் வயது எழுபத்தைந்து ஆகியிருக்கும்.

ஊர் வேலைக்கு வருவோம். 1959-ல் தேக்கம்பட்டி ஊராட்சியில் வார்டு உறுப்பினர் ஆனார். காரமடை ஊராட்சி ஒன்றியத்தில் கவுன்சிலராகவும் இருந்தார். உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று அரசியல் சாசனத்தில் எழுதியதே 1992-ல்தான். பெண் தலைவர் இருக்கிற பஞ்சாயத்தில் கூட்டத்துக்கு வீட்டுக்காரர் வந்து உட்காருவதை இன்றைக்கும் பார்க்கிறோம். அப்புறம், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து விவசாயிகளுக்கான விவாதக் குழுவிலும் முன்னால் நின்றார். "இயற்கை விவசாயப் பாட்டி" என்று சொல்லும்போது, ஏதோ வெளியுலகம் தெரியாமல் மண்ணோடு மண்ணாகக் கிடந்தவர் மாதிரி ஒரு சித்திரம் வருகிறது. விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து விவசாயம் பேசிய ஆள் அவர்.

கட்சிக்காரரும்கூட. தி.மு.க.வில் பழைய ஆள். 2021-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ அறிவித்தது, அப்போது வயது 105 என்று சொன்னார்கள். அடுத்த மாதமே கோவைக்கு வந்த பிரதமர் நேரில் சந்தித்தார். 2024 செப்டம்பரில் தி.மு.க. முப்பெரும் விழாவில் பெரியார் விருது. விழா நடந்து பத்தே நாளில், செப்டம்பர் 27-ல் காலமானார். இரண்டு பக்கத்துக்காரர்களும் அவரவர் போட்டோவைப் போட்டு அஞ்சலி செலுத்தினார்கள். போடட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டு பக்கப் பதிவுகளிலும் அவர் ஒரு "பாட்டி"யாக மட்டும் இருந்ததுதான் உறுத்தியது. பாட்டி என்றால் நமக்கு வசதி. சாமி மாதிரி கும்பிட்டுவிட்டுப் போகலாம். சொத்து வாங்குகிற, ஓட்டுக் கேட்டு நிற்கிற, கட்சி பேசுகிற பெண்ணை நாற்பது வயதில் ஊர் கும்பிடுவதில்லை. "ரொம்பத்தான் பண்றா" என்று சொல்லும். நூறு தாண்டியதும் அதே பெண் தெய்வம் ஆகிவிடுகிறார்.

2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. விவசாய நிலத்துக்கும் உண்டு. நல்ல காரியம். ஆனால் கட்டணம் மிச்சம் என்பதற்காக மனைவி பேரில் எழுதிவிட்டு, பத்திரத்தைப் பீரோவில் வைத்துச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொள்கிற ஆசாமிகளையும் எனக்குத் தெரியும்.

சரி, ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர்த் தோட்டத்தின் பட்டா இப்போது யார் பேரில் இருக்கிறது, அதில் தினமும் இறங்கி வேலை செய்கிறவர் யார் என்று பார்த்துவிட்டு வந்து கமெண்டில் எழுதுங்கள். பேர் வேண்டாம், உறவுமுறை போதும்.