பன்னிரண்டு வேக கியர்பாக்ஸ்: நடுக்கியர் இடிக்குமே!

லேத்துக்கான (கடைசல் இயந்திரத்துக்கான) பன்னிரண்டு வேக கியர்பாக்ஸ் வடிவமைப்பை விளக்கும், என் மதிப்பீட்டுக்கு வந்த கட்டுரையில், நிமிடத்துக்கு 31.5 முதல் 400 சுற்று வரையிலான வேகங்களை ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் 1.26 மடங்காகும் பெருக்குத் தொடரில் அமைத்து, 3×2×2 என்று (முறையே மூன்று, இரண்டு, இரண்டு கியர் ஜோடிகள் கொண்ட மூன்று தொகுதிகளாக) பிரித்திருப்பது சரியே. பெரிய வேகக் குறைப்பைக் கடைசித் தண்டுக்கு விட்டிருப்பதும் நல்ல முடிவு; முந்தைய தண்டுகள் வேகமாகச் சுழலும்போது அதே திறனுக்கு அவற்றின் முறுக்குவிசை குறையும் என்பதால், அங்கே சிறிய மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண், மி.மீ.யில்) போதும்.

ஆனால் முதல் தொகுதிக்குக் கொடுத்துள்ள 36/36, 32/40, 28/44 என்ற பல் எண்ணிக்கையை (முதல் எண் நகரும் கியருக்கு, அடுத்தது அதனுடன் இணையும் நிலையான கியருக்கு) ஏற்க இயலவில்லை. விகிதங்கள் சரிதான், கூட்டுத்தொகையும் மூன்றிலும் 72தான். சிக்கல் கியர் மாற்றும்போதுதான் வரும். மூன்று கியர் கொண்ட நகரும் தொகுப்பில் 36 பல் கியரை நடுவில் வைத்தாலும், 28ஐ இணைக்க நகர்த்தும்போது 32 பல் கியர், எதிர்த் தண்டில் நிலையாக உள்ள 36 பல் கியரைக் கடந்தாக வேண்டும். மாட்யூல் 3 எனில் அவற்றின் வெளி ஆரங்கள் 51, 57 மில்லிமீட்டர். கூட்டினால் 108, தண்டுகளின் மைய இடைவெளியும் அதே 108. பல் நுனிகள் உரசிக்கொண்டுதான் நகரும்.

கூட்டுத்தொகையை 90 ஆக்கி, 45/45, 40/50, 35/55 என்று வைத்தால், விகிதம் துளியும் மாறாமல் பல் நுனிகளுக்கிடையே 1.5 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். பெட்டி சற்றுப் பெரிதாகும், அவ்வளவே. ஒரு ஜோடி முழுவதும் விலகிய பிறகே அடுத்தது இணையுமாறு, நிலையான கியர்களுக்கிடையே பல்லகலத்தை (தண்டின் நீளவாக்கில் கியரின் அகலத்தை) போல் இரு மடங்குக்குச் சற்றுக் கூடுதலான இடம் விடுவதையும் வரைபடத்தில் சேர்க்க வேண்டுகிறேன்.