செம்பியன் மாதேவி சாரத்தில் ஏறக்கூடாதா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. அந்தக் காணொளித் துண்டை இரண்டு நாட்களாக நீங்களே எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். சோழ அரசி செம்பியன் மாதேவியின் சிறுவயதைக் கற்பனை செய்து நான் எழுதிய சிறார் நாவலை மேடையில் ஒரு பெரியவர் தூக்கிப் பிடித்துக் கேட்டது இதுதான்: "செம்பியன் மாதேவியாரை வாயாடிச் சிறுமியாக்கி, கோயில் கட்டும் மூங்கில் சாரத்தில் ஏற்றி, கல்தச்சனோடு வாதாட விட்டிருக்கிறார் இவர். இதைப் படிக்கும் குழந்தைகள் வரலாற்றை என்னவென்று நினைப்பார்கள்?" அரங்கம் கைதட்டியது. பதில் சொல்ல நான் எழுந்தேன். நேரமாகிவிட்டது, தேநீர் தயாராக இருக்கிறது என்றார்கள். என் புத்தகத்தைப் பற்றிய கூட்டத்தில் எனக்கு மட்டும் நேரமில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த அரசிக்குச் சொந்த மனம் இருந்தது. விருப்பமும் பிடிவாதமும் இருந்தன. அதற்கான சான்று கல்லிலேயே இருக்கிறது. நான் கற்பனை செய்தது அந்த மனத்தின் குழந்தைப் பருவத்தை மட்டும்தான்.

கைதட்டியவர்களில் எத்தனை பேர் கோனேரிராஜபுரம் போயிருக்கிறார்கள் என்று அறிய எனக்கு உண்மையாகவே ஆசை. கும்பகோணத்திலிருந்து காரைக்கால் போகும் சாலையில் எஸ்.புதூரில் இறங்கி உள்ளே போக வேண்டும். பழைய பெயர் திருநல்லம். அங்கே சுவரில் ஒரு சிற்பம்: லிங்கத்தின் முன் அமர்ந்து வழிபடுபவர் கண்டராதித்த சோழர். அதனோடு உள்ள கல்வெட்டு சொல்கிறது: மகன் உத்தம சோழன் ஆண்டுகொண்டிருந்தபோது, இறந்துபோன தன் கணவர் பெயரால் இந்தக் கற்றளியை, அதாவது கல் கோயிலை, எடுப்பித்தவர் செம்பியன் மாதேவியார். கட்டியவரின் பெயரும் அதே கோயிலில் உண்டு. ஆலத்தூர் உடையான் சாத்தன் குணபத்தன். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு கோயிலில், கட்டுவித்த அரசியின் பெயரோடு கட்டியவரின் பெயரும் நமக்குக் கிடைக்கிறது. வேலை செய்தவரின் பெயர் கல்லில் ஏற இடம் தந்த ஒரு பெண், கல்தச்சனோடு பேசவே இல்லை, திரைக்குப் பின்னாலிருந்து கைகூப்பிக்கொண்டு மட்டுமே இருந்தாள் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். என்னால் முடியவில்லை.

திருக்கோடிக்காவலுக்கு வாருங்கள். பழைய கோயிலைக் கல்லால் புதுப்பிக்கும்போது, அங்கே தனிக் கற்களில் கிடந்த பழைய சாசனங்களைத் தூக்கி எறியாமல், படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டச் செய்திருக்கிறார். பழைய கல்லில் இருந்ததன் படி இது என்று குறித்தும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கோயிலின் பல்லவர் காலத்துக் கொடைகள் இப்படித்தான் பிழைத்து நம் கைக்கு வந்தன. யாரோ, எப்போதோ, எந்த ஊர்க்காரருக்கோ கொடுத்த வாக்கு அழிந்துவிடக்கூடாது என்று ஓர் அரசி நினைத்திருக்கிறார். இன்றைக்குத் திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசுகிறார்கள், மணல் வீச்சால் எழுத்தைத் தேய்க்கிறார்கள். அதற்கு எதிராக அந்த மேடையிலிருந்து ஒரு குரல் வந்து நான் கேட்டதில்லை. என் நாவலில் ஒரு சிறுமி சாரத்தில் ஏறியதும்தான் வரலாறு ஆபத்தில் சிக்கிவிட்டது.

செம்பியன் மாதேவியார் பெயர் முதலில் 941-இல், முதலாம் பராந்தகன் காலத்தில், அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கான கொடையில் வருகிறது. கடைசியாக 1001-இல், ராஜராஜன் காலத்தில். இடையே கண்டராதித்தர், அரிஞ்சயர், சுந்தர சோழர், உத்தம சோழர் என்று அரியணை கைமாறிக்கொண்டே இருந்தது. கணவர் போனபோது மகன் சிறு பிள்ளை. ஆட்சி மைத்துனர் வழிக்குப் போகிறது. கல்லில் இருப்பதை மட்டும் பார்த்தாலும் இது எவ்வளவு கடினமான வாழ்க்கை! அந்த நிலையில் ஒரு கைம்பெண் மூலையில் உட்கார்ந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் உட்காரவில்லை. செங்கல் தளிகள் ஒவ்வொன்றாகக் கல்லாயின. ஆடுதுறை, விருத்தாசலம், திருவக்கரை, திருவாரூர் அரநெறி, அவர் பெயரையே கொண்ட ஊர் என்று நீள்கிறது. எஸ்.ஆர். பாலசுப்பிரமணியம் போன்ற ஆய்வாளர்கள் அந்தக் காலத்துக் கோயில்களை அவர் பெயரோடு சேர்த்தே பேசுகிறார்கள். அறுபது ஆண்டுக்காலம் எந்த அரசன் வந்தாலும் போனாலும் தன் வேலையை நிறுத்தாத ஒருவருக்குப் பிடிவாதம் இல்லை என்றால், பிடிவாதத்துக்கு வேறு என்ன சான்று வேண்டும்?

இதையெல்லாம் சொன்னால் வரும் முதல் பதில், "அவர் சிவபக்தை" என்பது. ஆம், சிவபக்தைதான். நான் எங்கே மறுத்தேன்? என் நாவலில் அந்தச் சிறுமி தேவாரம் பாடாத அத்தியாயமே இல்லை. பக்தியும் துணிச்சலும் ஒரே உடலில் இருக்க முடியாது என்று யார் இவர்களுக்குச் சொன்னது? காரைக்கால் அம்மையார் கணவனுக்காகத் தாங்கிய அழகை வேண்டாம் என்று உதறி, பேய் வடிவம் கேட்டுப் பெற்று, ஆலங்காட்டில் ஆடலைப் பார்க்கப் போனவர். சைவம் கும்பிடும் பெண் அவர். அந்த மரபில் வளர்ந்த ஒரு மழநாட்டுச் சிறுமி தகப்பனிடம் ஏன் என்று ஒரு கேள்வி கேட்டால் அபசாரமாகிவிடுமா? இது வெளிநாட்டுக் குறும்புக்கார இளவரசிக் கதைகளின் நகல் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேள்வி கேட்கும் பெண் என்றால் இறக்குமதி, தலைகுனிந்திருக்கும் பெண் என்றால் நம் மண். இந்தக் கணக்கை எழுதியவர் யார்?

அடுத்தது, "பத்தாம் நூற்றாண்டில் அரசகுலப் பெண் இப்படிப் பேசியிருப்பாளா?" என்ற கேள்வி. பேசியிருக்க மாட்டாள் என்பதற்கு மட்டும் கல்வெட்டு இருக்கிறதா? கல்வெட்டில் யாருடைய உரையாடலும் இல்லை. நிலம் இருக்கிறது, பொன் இருக்கிறது, விளக்கு நெய்க்காக விட்ட ஆடு இருக்கிறது. பேச்சு முழுவதும் எழுதுகிறவரின் பொறுப்பு. எது கல்லில் இருக்கிறது, எது என் கற்பனை என்று நாவலின் பின்பக்கங்களில் பிரித்து எழுதியிருக்கிறேன். சாரத்துக் காட்சி கற்பனை என்றும் அங்கே சொல்லியிருக்கிறேன். சிறார் நாவலுக்கு அப்படி எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. குழந்தைகளை ஏமாற்றக்கூடாது என்பதற்காகத்தான் எழுதினேன். மேடையில் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தவர் அந்தப் பக்கங்களைப் புரட்டவில்லை.

இதில் இன்னொன்று எனக்குத் தாங்க முடியவில்லை. சிறுவனாக இருக்கும் சோழ இளவரசன் மதயானையை அடக்குவது போல எத்தனை கதைகள் வந்திருக்கின்றன! வெள்ளத்தில் குதித்து நீந்துகிறான், ஒற்றனை மடக்குகிறான், படைத்தலைவர்களுக்கே யோசனை சொல்கிறான். எந்தச் செப்பேட்டில் இருக்கிறது அது? ஒருவரும் கேட்டதில்லை. வீரம் என்று சொல்லி ஆண்டு விழாவில் நாடகமாகப் போடுகிறோம். நானும் அந்தக் கதைகளைப் படித்துத்தான் வளர்ந்தேன், அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. பையனுக்கு யானையைக் கொடுத்துவிட்டுப் பெண்ணுக்கு ஒரு மூங்கில் சாரத்தைக்கூடத் தர மாட்டேன் என்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

அந்தச் சாரம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். என் அத்தை, அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு, பாதியில் நின்ற வீட்டை அவர் தனியாகக் கட்டி முடித்தார். காலையில் கொத்தனார் வருவதற்கு முன் அவர் அங்கே இருப்பார். செங்கல் நன்றாக நனைந்திருக்கிறதா என்று தொட்டியில் கையைவிட்டுப் பார்ப்பார். கலவையை உள்ளங்கையில் எடுத்துப் பிசைந்து பார்ப்பார். ஒருநாள் பின்பக்கச் சுவர் சாய்ந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. மேஸ்திரி இல்லை என்றார். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறி, தூக்குக்குண்டை அவரே தொங்கவிட்டுக் காட்டினார். சுவரைப் பிரித்துக் கட்டினார்கள். அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் நடுவில் அவருக்கு என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை மேடையில் அதே வசையைக் கேட்டீர்கள். கல்யாண வீடுகளில் அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும். அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் இறந்த பிறகு அதே ஆட்கள் வந்து, "புண்ணியவதி, தனி ஆளாக வீட்டை நிறுத்தினாள்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உயிரோடு இருந்தபோது ஒருவர், ஒரே ஒருவர், அந்தச் சுவரைப் பற்றி அவரிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பெண் ஒன்றைக் கட்டும்போது வாயாடி, கட்டி முடித்துச் செத்த பிறகு தெய்வம். செம்பியன் மாதேவியாருக்கும் நாம் இதைத்தான் செய்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் பெயருள்ள ஊரில் சித்திரைக் கேட்டையில் பிறந்தநாள் கொண்டாட அந்தக் காலத்திலேயே ஏற்பாடு செய்தார்கள். அவருடையதாகக் கருதப்படும் செப்புத் திருமேனி இன்று வாஷிங்டனில் ப்ரீயர் கலைக்கூடத்தில் நிற்கிறது, உலகம் வந்து வியந்து பார்க்கிறது. நமக்கு அவர் வெள்ளைச் சேலையும் திருநீறும் அணிந்து, மற்றவர்கள் கதையில் ஓரமாக வந்து அறிவுரை சொல்லிப் போகும் ஒரு மூதாட்டி. அவருக்குப் பத்து வயது இருந்ததே இல்லை. அவருக்குக் கோபம் வந்ததே இல்லை. மழை ஒழுகும் செங்கல் கோயிலைப் பார்த்து, "இதை ஏன் இப்படி விட்டுவைத்திருக்கிறீர்கள்?" என்று யாரிடமும் கேட்டதே இல்லை. கேட்காமலேயே அத்தனை கோயில்களும் கல்லாகிவிட்டன!

நண்பர் ஒருவர் உள்பெட்டியில் வேறு மாதிரி கேட்டிருந்தார். கோயில்களை எழுப்பிய பெருமையைச் சொல்கிறாய், கல் சுமந்தவர்களையும் வரி கட்டியவர்களையும் பற்றிக் குழந்தைகளுக்கு எங்கே சொன்னாய் என்று. நியாயமான, பெரிய கேள்வி. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அவர் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கேட்டார், அதற்கு நன்றி.

"மத உணர்வு புண்படுகிறது" என்று எழுதியவர்களுக்கு என்ன சொல்வது? என் வீட்டிலும் விளக்கேற்றுகிறோம். நான் எழுதியது ஒரு கோயிலை நேசித்த பெண்ணின் கதை. எந்த வரி புண்படுத்தியது என்று கேட்டால் ஒருவரும் வரியைக் காட்டவில்லை. "மொத்தமாக" என்கிறார்கள். மொத்தமாகப் புண்பட்டவருக்கு என்னிடம் மருந்தில்லை.

குழந்தைகள் இதை எப்படிப் படிக்கிறார்கள் என்று யாராவது பார்த்தீர்களா? ஒரு கிளை நூலகத்தில் அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி, "அவர் விழுந்திருந்தால் யார் பிடித்திருப்பார்கள்?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த பையன், "கீழே மணல் கொட்டி வைத்திருப்பார்கள்" என்றான். பிறகு கல்லை எப்படி மேலே ஏற்றினார்கள், ஏணி இருந்ததா, யானை இழுத்ததா என்று ஒருவரையொருவர் மடக்கிக்கொண்டே போனார்கள். முடிந்ததும் அந்தச் சிறுமி அந்தக் கோயில் இன்னும் இருக்கிறதா, போய்த் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். வரலாற்றின் மேல் ஒரு குழந்தைக்கு இதைவிடப் பெரிய மரியாதை எப்படி வரும்? தேதியையும் பட்டத்தையும் மனப்பாடம் செய்யவைத்து நாம் இதுவரை எத்தனை குழந்தைகளைக் கோயில் சுவரைத் திரும்பிப் பார்க்கவைத்திருக்கிறோம்?

சிறார் புத்தகங்களுக்குத் தமிழில் மதிப்புரை எழுத ஆளில்லை. வெளியானால் ஒரு வரிச் செய்திகூட வராது. யாராவது முகம் சுளித்தால் மட்டும் எல்லோரும் ஓடிவருகிறார்கள். இந்த நாவலுக்காக நான் கல்வெட்டுத் தொகுதிகளோடு கழித்த இரவுகள் எவருக்கும் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை, ஒரு மூங்கில் கழி கண்ணை உறுத்துகிறது. வலிக்கிறது. வலிக்கவில்லை என்று நடிக்க எனக்குத் தெரியாது.

நேற்றுப் பதிப்பகத்திலிருந்து அழைத்தார்கள். அன்பாகத்தான் பேசினார்கள். அடுத்த அச்சில் சாரத்தில் அவள் ஏறாமல், கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதாக மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்றார்கள். மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் அப்படியே அச்சாகும், இல்லையென்றால் புத்தகம் வேறு இடம் தேடிக்கொள்ளும்.

மறுப்பு எழுதுகிறவர்கள் நாவலைப் படித்துவிட்டு, கல்வெட்டையோ பக்கத்தையோ காட்டி எழுதுங்கள். எத்தனை நீளமாக இருந்தாலும் பதில் சொல்கிறேன். என்னையோ அந்த அரசியையோ வாயாடி என்று எழுதும் பின்னூட்டங்களை அழித்துவிடுவேன்.