கேட்பதற்கு எம்பி3 போதும், சேர்த்துவைக்க ஃப்ளாக் வேண்டும்

இசை கேட்கிற நாலு பேர் கூடினால் இந்தச் சண்டை எப்படியோ வந்துவிடுகிறது. ஒருவர் "320 கிலோபிட் எம்பி3யில் பாட்டின் உயிரே போய்விடுகிறது" என்பார். இன்னொருவர் "லாஸ்லெஸ் (எதையும் இழக்காமல் சுருக்குவது) எல்லாம் வெறும் வியாபாரம், எவன் காதுக்கும் தெரியாது" என்பார். இரண்டு கட்சியிலும் நான் இல்லை. லாஸ்லெஸ் வேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் அதற்குக் காதைச் சாட்சிக்குக் கூப்பிடத் தேவையில்லை.

சிடியில் ஒவ்வொரு நொடிக்கும் ஒலியலையை அளந்தெடுத்த 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இரண்டு சேனல். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 1,411 கிலோபிட். நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 மெகாபைட். ஃப்ளாக் என்ற லாஸ்லெஸ் வடிவம் இதில் எதையும் தூக்கி எறிவதில்லை. முந்தைய மாதிரிகளை வைத்து அடுத்தது என்னவாக இருக்கும் என்று கணித்து, கணிப்பு எவ்வளவு பிசகியது என்பதை மட்டும் எழுதிவைக்கிறது. பிசகு சின்ன எண் என்பதால் இடம் குறைகிறது, பெரும்பாலும் பாதியிலிருந்து முக்கால் பங்குக்குள் அடங்கிவிடும். திரும்ப விரித்தால் ஒரு பிட் மாறாமல் பழையது கிடைக்கும்.

எம்பி3யின் வழியே வேறு. பலமான ஓசைக்குப் பக்கத்து அலைவரிசையில் இருக்கும் மெல்லிய ஓசை நம் காதில் விழாது. அந்த மாதிரி விழாதவற்றுக்கு எதற்குப் பிட்டை வீணாக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. 128 கிலோபிட் என்றால் சிடியின் பதினொன்றில் ஒரு பங்கு. அந்த அளவில் குறை தெரியத்தான் செய்யும். கைத்தட்டல் தண்ணீர் சலசலப்பு போல ஆகிவிடும், சிம்பல் ஓசை குழையும், சுளீரென்று ஒரு அடி விழும் முன்பே அதன் நிழல் கேட்கும். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பல என்கோடர்கள் (சுருக்கும் மென்பொருள்கள்) வெட்டியே விடும். 90களின் என்கோடர்கள் இன்னும் மோசம். அன்று வந்த கெட்ட பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம் லேம் என்ற எம்பி3 என்கோடர் எவ்வளவோ தேறிவிட்டது. இன்றைய 256 கிலோபிட் ஏஏசியையோ (எம்பி3க்குப் பின் வந்த, அதேபோல் இழப்புள்ள வடிவம்) 320 எம்பி3யையோ சிடியிலிருந்து பிரித்துச் சொல்ல, பெரும்பாலான பாடல்களில் பெரும்பாலானவர்களால் முடியாது.

"எனக்குத் தெரிகிறதே" என்பவர்கள் ஏபிஎக்ஸ் சோதனை செய்து பார்க்கலாம். ஃபூபார்2000 என்ற பாட்டு இயக்கும் மென்பொருளில் அதற்குத் துணைநிரல் உண்டு. எது எந்தக் கோப்பு என்று காட்டாமல் கேட்கவைக்கும். 16 முறையில் 12 சரியாகச் சொன்னால் உங்கள் காதை நம்பலாம், குருட்டாம்போக்கில் அவ்வளவு வருவதற்கு 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான். இரண்டின் ஒலியளவும் ஒன்றாக இருக்க வேண்டும், இது முக்கியம். அரை டெசிபல் கூடினாலே அது 'தெளிவாக' இருப்பதாகத் தோன்றிவிடும். இன்னொன்று, பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்போன்களுக்குப் போகும் வழியில் ஒலி மறுபடியும் சுருக்கப்படுகிறது. 990 கிலோபிட் வரை போகும் எல்டாக் என்ற ப்ளூடூத் சுருக்கமுறை கூட இழப்புள்ளதுதான். அதில் ஃப்ளாக் கேட்டுப் பெருமைப்படுபவர்களை ஒன்றும் சொல்வதற்கில்லை.

சரி, பிறகு லாஸ்லெஸ் எதற்கு? மாற்றுவதற்கு. எம்பி3 வந்தது 90களில். 1997இல் ஏஏசி வந்தது, 2012இல் ஓபஸ் என்ற இன்னொரு இழப்புள்ள வடிவம் தரப்படுத்தப்பட்டது. ஒவ்வொன்றும் இன்னும் சிறிய அளவில் இன்னும் நல்ல ஒலி தந்தது. ஃப்ளாக் வைத்திருந்தவர் ஒரு இரவு கணினியை ஓடவிட்டு, ஃபோனுக்கு ஓபஸ் பிரதி எடுத்துக்கொள்ளலாம். எம்பி3 மட்டும் வைத்திருந்தவர் மாற்றினால் இழந்ததற்கு மேல் இன்னும் இழப்பார். முதல் என்கோடர் விட்டுவைத்ததில் இரண்டாவது தன் பங்குக்குக் கை வைக்கும். பிட்ரேட்டை (நொடிக்கு எத்தனை கிலோபிட் என்பதை) ஏற்றினாலும் போனது வராது. 128 எம்பி3யை ஃப்ளாக்காக மாற்றி 'லாஸ்லெஸ்' என்று சுற்றில் விடுபவர்களும் இருக்கிறார்கள். ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக் போன்ற மென்பொருளில் திறந்தால் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு தெரியும். (மிகப் பழைய ஒலிப்பதிவுகளில் மேலே ஒன்றும் இல்லாமலே இருக்கலாம், உடனே திருடன் என்று முடிவுகட்ட வேண்டாம்.)

ஃப்ளாக்கா, ஆப்பிளின் லாஸ்லெஸ் வடிவமான ஆலாக்கா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழப்பின்றி மாறலாம். நான் ஃப்ளாக் பக்கம். 2001 முதல் திறந்த மூலம், மூல ஒலியின் எம்டி5 கையொப்பம் (தரவு மாறினால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) கோப்புக்குள்ளேயே இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் சொதப்பியதா என்று சோதித்துவிடலாம். இடமும் இன்று பெரிய பிரச்சினை இல்லை, ஒரு டெராபைட்டில் சிடி தர ஆல்பங்கள் இரண்டாயிரத்துக்கு மேல் கொள்ளும்.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் ஸ்டுடியோ வேலைக்குத் தேவை. கேட்பவருக்கு எதற்கு? மனிதக் காதின் எல்லையே 20 கிலோஹெர்ட்ஸ், சிடி 22.05 வரை பிடிக்கிறது. அந்தக் காசையும் கவலையையும் மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலிப்பதிவை இறுதியாகச் சீர்செய்வது) பக்கம் திருப்பலாம். சத்தம் கூட்டுகிறேன் என்று ஏற்ற இறக்கமில்லாமல் நசுக்கிய ஒரு மாஸ்டரை ஃப்ளாக்கில் வைத்தால், நசுங்கியது துல்லியமாகக் கிடைக்கும். அவ்வளவுதான். நல்ல மாஸ்டரின் 192 கிலோபிட் எம்பி3 அதைவிட எவ்வளவோ மேல்.

கையில் எம்பி3 மட்டுமே இருக்கிறது, மூலம் எங்கும் கிடைக்காது என்றால்? எதற்கும் மாற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள். காப்புரிமையெல்லாம் தீர்ந்துபோன வடிவம் அது, அதை இயக்காத கருவியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி மட்டும் போட்டுவையுங்கள்.